கேள்வி திரும்பி வரும் வழி

தொலைவிலிருந்து பாடம் நடத்துவது என்றதும், ஆசிரியரின் குரல் மாணவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் நாம் முதலில் எண்ணுகிறோம். அது எளிய பாதி. மாணவரின் கேள்வி ஆசிரியரிடம் எப்படித் திரும்பி வருகிறது என்பதே கடினமான பாதி. வகுப்பறையில் இந்தத் திரும்பு வழிக்குச் செலவே இல்லை. கை தூக்கினால் போதும். பின் வரிசையில் இரண்டு புருவங்கள் நெரிந்தாலே, ஆசிரியர் கரும்பலகையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். கல்லூரிகளின் நேரடி இணைய வகுப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், அது பெரும்பாலும் இந்தத் திரும்பு வழியைத் தேடிய வரலாறாகவே இருக்கிறது.

இணையத்துக்கு நெடுங்காலம் முன்பே அவ்வழியைக் கண்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1951-ல் ஒரு வானொலிப் பள்ளி தொடங்கியது. தொலைதூரப் பண்ணைகளில் தனித்தனியே வாழ்ந்த குழந்தைகள் சிற்றலை வானொலியில் பாடம் கேட்டனர். அவ்வீடுகளில் பறக்கும் மருத்துவரை அழைப்பதற்கென்று பேசும் வானொலிக் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே குழந்தையும் பதில் பேச முடிந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு 'சைட்' என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆந்திரம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் கம்பி வலையாலான ஆன்டெனாக்கள் மூலம் நிகழ்ச்சிகளைப் பெற்றன. தமிழகம் அதில் இடம்பெறவில்லை. பிறகு 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடுதழுவிய வகுப்பறை' இன்சாட்-1பி வழியாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. இது கல்லூரி மாணவர்களுக்கென்றே வந்தது. ஆனால் முன்கூட்டிப் படமாக்கப்பட்டது, அதுவும் ஆங்கிலத்தில். பெயரில் வகுப்பறை இருந்தது. கை தூக்க இடமில்லை.

ஏன் ஒருவழியாகவே நின்றது? சற்றே இயற்பியலைப் பார்ப்போம். செயற்கைக்கோள் அனுப்பும் அலையைப் பெறுவதற்கு ஒரு ஆன்டெனாவும் பெருக்கியும் போதும். ஆனால் ஓர் ஊரிலிருந்து 35,786 கி.மீ. உயரத்துக்குப் படத்தையும் குரலையும் ஏற்றி அனுப்ப வேண்டுமென்றால் அலைபரப்பியும், அதற்குரிய மின்திறனும், அலைவரிசை உரிமமும் வேண்டும். கேட்பது மலிவு, பேசுவது விலை. இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அது பின்னால் ஆம்பூருக்கும் வரும்.

1990களில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. படம் செயற்கைக்கோளில் இறங்கும். மாணவர்கள் கல்வி மையத்தில் கூடியிருந்து, சாதாரணத் தொலைபேசியில் எஸ்.டி.டி. போட்டுக் கேள்வி கேட்பார்கள். ஒருவழிப் படம், இருவழி ஒலி. தொலைபேசி கிடைத்தால் கேள்வி உண்டு.

அடுத்த படி எடுசாட். கல்விக்கென்றே 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இக்கோள் 2010 வரை பணியாற்றியது. இதன் வலையமைப்பில் இரண்டு வகை நிலையங்கள் இருந்தன. ஒன்றில் மாணவர் ஆசிரியருடன் பேசலாம். மற்றொன்றில் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே முடியும். பேசும் நிலையத்தின் விலை அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அத்துடன் காலத் தாமதமும் உண்டு. மாணவர்கள் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மேலேறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 72,000 கி.மீ.; ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ.; ஆக ஒரு பயணத்துக்கு 0.24 விநாடி. கேள்வி போய் விடை வர ஏறத்தாழ அரை விநாடி. இது சொற்பம் என்று தோன்றும். ஆனால் உரையாடலில் அரை விநாடி மௌனம் நீண்டது. அதற்குள் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். உரையாடல் இயல்பாக இருக்க ஒரு திசைத் தாமதம் 0.15 விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து வேலூர் வரை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட ஆகாது. தரையில் பதித்த இழைதான் நேரடி வகுப்பைப் பேச்சாக மாற்றியது என்பது என் கருத்து. வானில் பறந்ததற்குக் கிடைத்த புகழ் மண்ணுக்குள் கிடப்பதற்குக் கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் பகுதியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லேயே தோன்றியது. மேல்விஷாரத்துக் கல்லூரி தாங்கியிருப்பது தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரை. தோலில் ஈட்டிய பொருள் கல்விக்கும் வந்த மண் இது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, இங்குள்ள மாணவர்களும் ஒரே வாரத்தில் கைப்பேசி வகுப்புக்கு மாற வேண்டியதாயிற்று.

முதல் சிக்கல் கருவியே. ஷூ கம்பெனிகள் மீண்டும் திறந்தபின், பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் அம்மாவுடனோ அண்ணனுடனோ கம்பெனிப் பஸ்ஸில் ஏறிப் போய்விடும். பகல் பத்து மணி வகுப்புக்கு மாணவி வீட்டில் இருப்பாள், போன் இராது.

போன் இருந்தாலும், ஜவ்வாது மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து மாணவர் குரல் ஆசிரியருக்கு வருவது அரிது. 'சார், நீங்கள் பேசுவது கேட்கிறது' என்று எழுதுவார்கள். அவர்கள் பேசினால் நமக்கு ஒன்றும் கேட்காது. விந்தையாகத் தோன்றும் இதற்கு விளக்கம் எளிது. கோபுரத்தின் அலைபரப்பி பல பத்து வாட் திறனில் அனுப்புகிறது. 4ஜி கைப்பேசியோ அதிகபட்சம் சுமார் 0.2 வாட்தான் அனுப்பும். கோபுரத்தின் ஏற்பி மிக நுட்பமானதுதான். என்றாலும் அலை நலியும் எல்லைப் பகுதிகளில் பெரும்பாலும் முதலில் அறுவது மேலேறும் வழியே. கேட்பது மலிவு, பேசுவது விலை என்ற அதே கதை.

இன்னொன்று: நேரடிப் பேச்சில் தாமதமாக வந்த துணுக்கு வீண். பதிவு செய்த படமானால் கைப்பேசி சற்று நின்று, விடுபட்டதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரடி வகுப்பில் காத்திருக்க நேரமில்லை, விடுபட்டது விடுபட்டதுதான். எழுத்து அப்படியன்று. கணினிக் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்; ஆங்கில எழுத்துக்கு ஒன்றே. இருந்தும் ஒரு வரிக் கேள்வி சில நூறு பைட்டைத் தாண்டாது. குரல் நுழைய முடியாத வழியில் அது நுழைந்துவிடும். வகுப்பில் வாயே திறவாத சில மாணவிகள் எழுத்தில் நிறையக் கேட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தப்படும் கூச்சம் அங்கே இல்லை.

2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதங்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா தரும் திட்டத்தை அறிவித்தது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் மணிக்கு 450 எம்.பி. செலவாகும், அதாவது நாளுக்கு நான்கரை மணி நேர வகுப்பு. கணக்கு சரியாகவே போடப்பட்டிருந்தது. ஆனால் பிப்ரவரியில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரிகள் திறந்துவிட்டன.

இதற்கிடையில் சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பு வேறொரு முறையைக் கையாள்கிறது. பாடம் பதிவாக முன்பே தரப்படும். ஐயம் தீர்க்க நேரடி வகுப்புகள் நடக்கும். தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். விரிவுரையை நேரடியாக நடத்தி மாணவரைக் கட்டிப்போடாமல், நேரடி நேரத்தைக் கேள்விக்கென்று ஒதுக்கியது எனக்குச் சரியாகவே படுகிறது. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆம்பூர்த் தொழிலாளி பதிவை இரவில் பார்த்துக்கொள்ளலாம். மொழிதான் இடிக்கிறது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துவடிவம் இன்று கிடைக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்ட தமிழ்வழி மாணவர், மாலை ஐய வகுப்பில் தம் கேள்வியை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.