சரியான கோரிக்கை, பிழையான வாதம்

பெண்ணுரிமைக்கு எதிரா பேசினவங்கட வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறது லேசு. ஆதரவா பேசினவங்கட வாதத்திலும் ஓட்டை இருக்கு. அதையும் பாப்பம்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்குக் கல்லூரி தொடங்கியவர். அவரே பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தார். இதை இப்பவும் ஒரு பதிலடியாகச் சொல்லுவாங்க. ஆனால் இது அவருடைய முரண்பாட்டைக் காட்டுமே தவிர, பெண்களுக்கு வாக்கு வேணும் எண்டதை நிரூபிக்காது.

அடுத்தது தாய்மை வாதம். பெண்கள் வந்தால் அரசியல் சுத்தமாகும் எண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலர் பேசினாங்க. சுத்தமாகாவிட்டால் வாக்கைத் திருப்பி எடுக்கலாமா? ஆண்களுக்கு இப்படி நிபந்தனை யாரும் போடவில்லையே.

மூன்றாவது படிப்பு. 1869 அளவில் அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டான்டன், படிப்பில்லாத கறுப்பின, குடியேறிய ஆண்களுக்கு முன்னால் படித்த பெண்களை நிறுத்தி வாதாடினார். 'பெண்கள்' எண்டு தொடங்கிய வாதம் 'எங்களைப் போன்ற பெண்கள்' எண்டு முடிந்தது. சொல் ஒன்றுதான், பொருள் நடுவில் மாறிவிட்டது.

இலங்கையில் 1927இன் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேணுமா எண்டு கேட்டபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்கள்தானே எண்ட கருத்தில் பதில் சொன்னார். சின்னப் பதில், ஆனால் ஓட்டை இல்லாதது. 1931இல் 21 வயதுப் பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது. தோட்ட மக்களுக்கோ தனி நிபந்தனைகள். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகி, பிறகு வாக்கையும் இழந்தார்கள். உரிமையைத் தகுதி பார்த்துக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

இப்ப எங்கட கல்முனைப் பக்கம் வருவம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. "மலேசியாவில் பெண் ஷரீஆ நீதிபதிகள் இருக்காங்க, அதனால் இங்கேயும் வேணும்" என்றால் அது பலவீனமான வாதம். மற்றவன் செய்யிறான் எண்டதற்காக ஒன்று சரியாகிவிடாது. ஆனால் "மார்க்கத்தில் முடியவே முடியாது" என்பவருக்கு அதே மலேசியா பலமான பதில். ஒரே தகவல், எதற்குப் பதிலாக வைக்கிறம் எண்டதில்தான் வித்தியாசம்.

"பெண் காதி எண்டால் இரக்கமா தீர்ப்பாங்க" எண்டும் சொல்ல வேண்டாம். அது பழைய தாய்மை வாதம்தான். நேரடியாகக் கேட்பம்: சட்டம் தெரிவதும் நீதியாய்த் தீர்ப்பதும்தான் தகுதி என்றால், ஆணாய்ப் பிறப்பது அதில் எங்கே வருகிறது?