தகுதியை நிரூபிக்க வேண்டியவர் யார்?



ஏழைக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் பணத்தின் வரலாற்றைத் தொகையின் வரலாறாகவே இதுவரை படித்துவந்திருக்கிறோம். இருபது ரூபாய் ஆயிரமானது, ஆயிரம் ஆயிரத்து இருநூறானது என்று. இன்று அதைத் தகுதி விதிகளின் வரலாறாகப் படிப்போம். என்ன சான்று கேட்டார்கள், அந்தச் சான்று யாரிடம் இருந்தது என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வியை நமக்குக் கற்றுத்தந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1919இல் சவுத்பரோ வாக்குரிமைக் குழுவின் முன் அவர் சாட்சியளித்தார். அன்று ஓட்டு, சொத்தும் வரியும் உள்ளவருக்கே. தீண்டப்படாதவர் சொத்துச் சேர்க்கும் வழியையெல்லாம் சாதி அடைத்திருக்கும்போது, சொத்தைத் தகுதியாக வைப்பது சாதியைத் தகுதியாக வைப்பதே. அவர் வாதத்தின் சாரம் இது. எனவே வரம்பைத் தாழ்த்தக் கோரினார். எல்லோருக்கும் ஓட்டு என்பது அரசியலமைப்பில் 1950இல்தான் வந்தது.

ஓட்டுக்குச் சொத்து இருப்பதை நிரூபிக்கச் சொன்ன அரசு, உதவித்தொகைக்குச் சொத்து இல்லாததை நிரூபிக்கச் சொன்னது. 1962இல் சென்னை மாநிலம் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981இல் விவசாயத் தொழிலாளர்களுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் அது விரிந்தது. கதவு அகலமானது. ஆனால் வாசலில் ‘ஆதரவற்றவர்’ என்ற சொல் காவல் நின்றது. மகன் இருந்தும் கஞ்சி ஊற்றாத வீட்டுக் கிழவி, அதை அதிகாரி முன் வாய்விட்டுச் சொன்னால்தான் பணம். மானத்தை விலையாகக் கேட்ட விதி அது.

விதியைத் தளர்த்தியதற்கு நல்ல சான்றும் உண்டு. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் மணப்பெண் பத்தாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் விதி இருந்தது. பழங்குடிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு போதும். பள்ளிக்கூடம் மலையேறாதது அந்தப் பெண்ணின் குற்றமல்ல என்று அரசே ஒப்புக்கொண்டதாக அதைப் படிக்கிறோம். 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறியபோது கல்லூரியில் சேர்வது தகுதியாயிற்று. நோக்கம் நல்லது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் இடமில்லை.

இனி வத்தல்மலைக்கு வருவோம். தருமபுரிக்கு அருகே, கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டிய மலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள். காப்பி, மிளகு, சிறுதானிய விவசாயம். இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான் 2023 ஜூலை 24 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த வரம்புகள் மலைக்குடும்பங்கள் பலவற்றைத் தடுக்கக்கூடியவை அல்ல. வருமானச் சான்றும் நில ஆவணமும் இணைக்க வேண்டாம் என்றது பெரிய தளர்வு. நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையிலிருந்து அரசின் பதிவேட்டுக்கு மாறியது. முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுவோர் வீட்டுப் பெண்களை முதலில் விலக்கிய விதியும் 2023 ஆகஸ்டில் தளர்ந்தது. 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தனர், 1.06 கோடிப் பேர் தேர்வாயினர். மறுபடியும் விதிகள் தளர்த்தப்பட்டு, 2025 டிசம்பரில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்ந்தனர். விதி தளர்ந்தால் கருவூலம் கவிழ்ந்துவிடும் என்றவர்களுக்கு இதுவே பதில்.

எனினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். ஒரே அட்டையில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் இருந்தால், மூன்று அடுப்பு எரிந்தாலும் அரசின் கணக்கில் ஒரு குடும்பம். தனி அட்டை வாங்க ஆதார், முகவரிச் சான்று, மலையிறங்கும் கூலியிழந்த நாட்கள். வரம்பில் தகுதி பெற்றவள் காகிதத்தில் தோற்கிறாள். சேரியிலும் புறம்போக்குக் குடியிருப்பிலும் நாம் பார்ப்பதும் இதுதான். தலித் மேடையில் மலைவாழ் மக்களைப் பேசுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

‘உதவி’ என்பதை ‘உரிமை’ என்று பெயர் மாற்றியது சாதாரணமல்ல. உரிமை என்றால், தகுதியில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு; தகுதி உண்டு என்று நிரூபிக்க வேண்டியவள் அவளல்ல. ஆகவே நாம் கேட்பவை மூன்று: நிராகரித்த காரணம் எழுத்தில், தமிழில், வீட்டுக்கே வர வேண்டும், தனி அடுப்புக்குத் தனி அட்டை, மலையிலேயே முகாமிட்டுத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் மலையேற வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. 2023இல் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டுக்குத் தரப்பட்டது முப்பது நாள். அந்த நாட்களுக்குள் மனு எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். அண்ணல் 1919இல் ஒரு குழுவின் முன் செய்ததை நாம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ய முடியும்.