ஆலமரத்தடியில் பிறந்த பங்குச்சந்தை

நான் வணிகவியல் படிப்பவன். மும்பை பங்குச்சந்தை ஆலமரத்தடியில் தொடங்கியது என்று எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வரி வரும். தேர்வில் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். அந்த மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா?

1850-களில் பம்பாய் டவுன்ஹாலுக்கு எதிரே இருந்த ஆலமர நிழலில்தான் பங்குத் தரகர்கள் கூடினார்கள். இன்றைய ஹார்னிமன் சர்க்கிள் பகுதி அது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சு விலை எகிறியது, பம்பாயில் பணம் கொட்டியது, தரகர் கூட்டமும் பெருகியது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் திவாலானார்கள். மிஞ்சியவர்கள் தலால் தெருவில் இடம் பிடித்து, 1875-ல் சங்கம் அமைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆலமரத்தின் ஆங்கிலப் பெயரான 'பான்யன்', குஜராத்தி வணிகர்களைக் குறிக்கும் 'வாணியோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. மர நிழலில் அவர்கள் கூடுவதைப் பார்த்த ஐரோப்பியர்கள் மரத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்!

மனிதர்களுக்கு மட்டுமா சந்தை? ஆலம்பழத்துக்குள்ளேதான் அதன் பூக்கள் இருக்கின்றன. ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது. அந்தக் குளவி இல்லாமல் ஆலுக்கு விதை இல்லை, ஆல் இல்லாமல் குளவியும் இல்லை. எல்லா ஆலமரமும் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. அதனால் மற்ற மரங்களில் பழம் இல்லாத நாட்களிலும் பறவை, அணில், வௌவால்களுக்கு எங்காவது ஓர் ஆல் சோறு போடும்.

கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில், பூஞ்சை தாக்கிய நடுமரத்தை 1925-ல் அகற்றினார்கள். விழுதுகளை ஊன்றிக்கொண்டு அது இன்றும் வாழ்கிறது.

எங்கள் ஊர் ஆலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வருடம் சாலையை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். விறகு எடைக்குத்தான் விலை போட்டார்கள். நிழலுக்கும் பழத்துக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒரு கடையின் 'நற்பெயர்' கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதற்கும் மதிப்புப் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மரத்துக்கு மட்டும் ஏன் அந்தப் பாடம் இல்லை? உங்கள் ஊர் ஆலமரம் இன்னும் நிற்கிறதா நண்பர்களே?