கிரைண்டர் வேறு, பொலிஷ் மெஷின் வேறு: பட்டறையில் கண்ணையும் கையையும் காப்பது எப்படி?

போருக்குப் பின்னர் யாழ். குடாநாட்டில் மெஷின் சத்தம் கேட்காத ஊர் குறைவு. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு நிலை, கதவு, யன்னல், கிறில் எல்லாம் தேவைப்பட்டன. இன்று வெல்டிங் பட்டறை, தச்சுப் பட்டறை, வாகனக் கராச், பைபர் படகு திருத்துமிடம் என எங்கு போனாலும் கையில் பிடித்துத் தேய்க்கும் மெஷின் ஒன்று இருக்கும். அதை ஓட்டுபவர்களில் பலர் பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவர்கள்.

இந்த மண்ணில் இது வெறும் தொழில்நுட்ப விடயமல்ல. போரில் ஒரு கண்ணை இழந்து, மற்றக் கண்ணை நம்பி உழைப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். விரல்களை இழந்த கையோடு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றுவது முதல் வேலை.

வேகத்தில்தான் ஆபத்து

ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 தடவை சுற்றும். அது வெட்டுவதற்கும் அராவுவதற்கும் செய்யப்பட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொலிஷ் மெஷின் பொதுவாக 600 முதல் 3,000 சுற்று வரையே ஓடும்.

இரண்டையும் வாங்க வசதியில்லாத இடத்தில், கிரைண்டரிலேயே பொலிஷ் பாட்டைப் பூட்டிவிடுகிறார்கள். 7 அங்குலப் பாட் ஒன்று 3,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதே பாட் 11,000 சுற்றில் ஓடினால் ஏறத்தாழ 370 கிலோமீற்றரை எட்டும். அந்த வேகத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை. பிய்ந்து பறக்கும், அல்லது மெஷினைக் கையிலிருந்து பிடுங்கும். மரம் வெட்டும் பல்லு டிஸ்க்கைக் கிரைண்டரில் பூட்டுவது இன்னும் மோசம். பல்லு மரத்தில் சிக்கியதும் மெஷின் ஓட்டுபவரை நோக்கித் துள்ளும்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் பாட்டிலும் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இலக்கம் மெஷினில் உள்ள இலக்கத்தை விடக் குறைவாக இருந்தால் பூட்டக்கூடாது. வெட்டும் டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். திகதி கடந்தது, ஈரம் பட்டது, கீழே விழுந்து வெடித்தது எதையும் பயன்படுத்த வேண்டாம்.

தொடங்கும் முன்

- டிஸ்க் அல்லது பாட் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது.
- கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். கழற்றிய கிரைண்டரை மற்றவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.
- பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. அராவும்போதும் வெட்டும்போதும் அதற்கு மேல் முகக்கவசமும் வேண்டும்.
- சாரம், தோளில் துவாய், கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கோயில் நூல், நூல் கையுறை எல்லாம் சுழலும் பாகத்தில் சுற்றிக்கொள்ளும். நீண்ட முடியைக் கட்டுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து அணியுங்கள்.
- வயர் தோலுரிந்திருந்தால் இன்சுலேஷன் ரேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றுங்கள். நிலம் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வேலைக்கு, அதற்கென்றே செய்த மெஷினும் சரியாக இயங்கும் ட்ரிப் சுவிச்சும் கட்டாயம்.

ஓட்டும்போது

பொலிஷ் பாட்டை மேற்பரப்பில் வைத்த பிறகு, குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். அழுத்த வேண்டாம், மெஷினின் பாரமே போதும். கதவு, பொனட் போன்றவற்றின் ஓரத்தில் பாட் விளிம்பை விட்டு வெளியே சுழல வேண்டும். விளிம்பை நோக்கி உள்ளே சுழன்றால் கொழுவிப் பிடுங்கும். நிற்பாட்டிய பிறகு சுழற்சி முழுதாக அடங்கும் வரை கீழே வைக்காதீர்கள்.

கரண்ட் போனால் உடனே சுவிச்சை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். சுவிச் பூட்டிய நிலையில் மேசையில் விட்ட மெஷின், கரண்ட் வந்ததும் தானாகவே துள்ளி ஓடும்.

போர்க்காயம் உள்ளவர்களுக்கு

மெஷினில் கோளாறு வந்தால் முதலில் சத்தம் மாறும். ஷெல் சத்தத்தால் காது மந்தமானவர்களுக்கு அது கேட்காமல் போகலாம். அவர்கள் கையில் உணரும் அதிர்வைக் கவனித்து, அது வழமைக்கு மாறாகக் கூடினால் உடனே நிற்பாட்ட வேண்டும். ஒரு கையின் பிடி பலமில்லாதவர்கள் கையில் பிடிக்கும் கிரைண்டரை ஓட்டாமல் இருப்பதே நல்லது. செயற்கைக் கால் அணிந்தவர்கள் பொருளை இடுப்புயரத்தில் இறுகப் பூட்டி, வழுக்காத தரையில் நின்று செய்யுங்கள்.

காணி துப்புரவாக்கும்போது கிடைத்த பழைய இரும்பை, அது என்னவென்று தெரியாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. வெடிபொருள் என்று சந்தேகம் வந்தால் தொடாமல் விலகி, 119 இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

தூசும் தீயும்

மரத்தூள், சீமெந்து மற்றும் கருங்கல் தூள், அஸ்பெஸ்டஸ் ஆகிய மூன்றும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. லேஞ்சியைக் கட்டினால் நுண்தூசு நிற்காது. என்95 வகை மாஸ்க் வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டவே வேண்டாம். அந்தத் தூளின் பாதிப்பு பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள். தின்னர் இருக்கும் பக்கம் பொறி பறக்கக்கூடாது.

விபத்து நடந்தால்

கண்ணில் துகள் குத்தியிருந்தால் கசக்கவோ இழுத்து எடுக்கவோ வேண்டாம். அழுத்தம் படாமல் கடதாசிக் கோப்பையால் மூடி வைத்தியசாலைக்குப் போங்கள். உடலில் பழைய ஷெல் துண்டு இருந்தால் அதையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைக்கக்கூடும்.

வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. கரண்ட் அடித்தவரைத் தொடுமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமை 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் உண்டு. காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்பதை வைத்தியசாலைப் பதிவில் உள்ளபடியே எழுதச் செய்யுங்கள். முதலாளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று "வீட்டில் விழுந்தது" எனச் சொன்னால், பின்னர் உங்கள் உரிமையை நிரூபிப்பது கடினம்.