செக்: சதுரங்கப் பலகையிலிருந்து கருவூலம் வரை

வங்கியில் கொடுக்கும் காசோலை, சதுரங்க ஆட்டத்தில் அரசனுக்கு விடப்படும் எச்சரிக்கை, சட்டைத் துணியில் ஓடும் கட்டங்கள், கணக்கைச் சரிபார்க்கும் செயல், ஒருவரின் அதிகாரத்துக்குப் போடப்படும் தடை ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் ‘செக்’ என்னும் ஒரே ஒலியால் குறிக்கிறது. ஒலியில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றுள் பல, வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து தற்செயலாக ஓர் உருவத்தில் கூடியவை. செக் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் பொருள்கள் யாவும் பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்னும் சொல்லிலிருந்து கிளைத்தவை. அந்தக் கிளைகளைப் பின்தொடர்ந்து சென்றால் இடைக்கால இங்கிலாந்தின் நிதி நிர்வாக வரலாற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிறது.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையின் பெயரால் இந்தியாவில் சதுரங்கம் எனப்பட்ட ஆட்டம், பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆகி, ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் அந்நாட்டை வென்றபின் ‘ஷத்ரஞ்ச்’ என்னும் பெயரோடு மேற்கே பரவியது. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு ஆளாகும்போது ‘ஷா’ என்று கூவி எச்சரிப்பது ஆட்ட மரபு. அந்தக் கூவல் இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ‘செக்’ ஆக வந்து சேர்ந்தது. ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரான ‘செஸ்’ அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே. எச்சரிக்கப்பட்ட அரசன் தன் விருப்பம்போல் நகர முடியாது. எனவே திடீர்த் தடை, பின்னடைவு, கட்டுப்பாடு என்னும் பொருள்கள் ஆட்டத்திலிருந்து அன்றாடப் பேச்சுக்கு எளிதில் இறங்கின.

பணத்தோடு இச்சொல்லுக்கு ஏற்பட்ட உறவு இவ்வளவு நேரடியானதன்று. அது ஒரு மேசைவிரிப்பின் வழியாக வந்தது. இங்கிலாந்தை 1100 முதல் 1135 வரை ஆண்ட முதலாம் ஹென்றியின் காலத்தில், மாவட்டங்களில் அரசனின் வருவாயைத் திரட்டிய ‘ஷெரீப்’ என்னும் அதிகாரிகள், ஈஸ்டர் பருவத்திலும் மிக்கேல்மஸ் எனப்படும் செப்டம்பர் இறுதித் திருநாளை ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை அரசவைக்கு வந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு ஆய்வு நடந்த மேசை ஏறத்தாழப் பத்து அடி நீளமும் ஐந்து அடி அகலமும் கொண்டிருந்ததையும், அதன்மேல் இருந்த வில்லைகள் விழாமல் தடுக்க விளிம்பு நான்கு விரல் உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்ததையும், கோடுகள் வரைந்த கறுப்புத் துணி அதன்மீது விரிக்கப்பட்டதையும், அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் இலத்தீனில் எழுதத் தொடங்கிய உரையாடல் நூல் விரிவாகக் கூறுகிறது. சதுரங்கப் பலகையை இலத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்பர். மேசையின் தோற்றத்தால் அப்பெயர் அதற்கு வந்து, மேசையின் பெயரே அதைச் சுற்றி அமர்ந்த அலுவலகத்தின் பெயராகி, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’, அதாவது அரசுக் கருவூலம், என நிலைத்தது. பொருளாளரும் ஷெரீப்பும் இரு தரப்பாக நின்று மோதுவதும் ஆட்டத்தைப் போன்றதே என்று ஃபிட்ஸ்நீல் மற்றொரு காரணமும் சேர்க்கிறார்.

அந்தத் துணியின் பயன் வெறும் அலங்காரமன்று. கணக்கேடுகள் உரோமானிய எண்களில் எழுதப்பட்ட காலம் அது. அவ்வெண்களில் இடமதிப்பு இல்லாததால், பெருந்தொகைகளை ஏட்டிலேயே கூட்டிக் கழிப்பது கடினமான வேலை. துணியில் வரைந்த பத்திகளோ வலமிருந்து இடமாகப் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என ஏறிச் சென்றன. ஒரே வில்லை எந்தப் பத்தியில் வைக்கப்படுகிறதோ அதற்கேற்ற மதிப்பைப் பெற்றது. ஷெரீப் செலுத்த வேண்டிய தொகையை மேல்வரிசையிலும் செலுத்திய தொகையைக் கீழ்வரிசையிலும் அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றை நீக்கிக்கொண்டே வந்தால், மீதமுள்ள கடன் அனைவரின் கண்முன்னும் மேசையில் கிடக்கும். எழுத்தறியாத ஷெரீப்பும் தன் கணக்கைத் தானே பார்த்து அறிய முடிந்தது என்பதே இம்முறையின் தலையாய சிறப்பு.

செலுத்திய பணத்துக்கு ரசீதாக வெட்டுக்குறி இட்ட மரக்குச்சிகள் வழங்கப்பட்டன. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமனும், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் பருமனும், இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் பருமனும், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணியின் அளவும் வெட்டு இருக்க வேண்டும் என்பது விதி. குச்சியை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைப் பணம் கட்டியவரிடம் தந்து, மறு பாதியைக் கருவூலம் வைத்துக்கொண்டது. இரண்டையும் பொருத்தி வெட்டுகள் ஒன்றினால்தான் கணக்கு செல்லும். இம்முறை 1826இல் கைவிடப்பட்டது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் உலைகளில் இட்டு எரித்தபோது தீ கட்டுமீறிப் பரவி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையிலிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியை அழித்தது. பல நூற்றாண்டு நிதி வரலாற்றின் சான்றுகள் விறகாகப் போனது, கட்டடத்தின் அழிவைவிடவும் பெரிய இழப்பு.

இரு பாதிகளைப் பொருத்திப் பார்த்து மோசடியைத் தடுக்கும் அதே கருத்து காகிதத்திலும் தொடர்ந்தது. கருவூலம் வெளியிட்ட கடன் பத்திரங்களின் அடிக்கட்டைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று பெயர். தடுப்பது, சரிபார்ப்பது என்னும் இரண்டு பொருள்களும் அதில் கலந்திருந்தன. அடிக்கட்டையின் பெயர் பிறகு அதிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. இலண்டனில் 1659இலேயே வங்கியாளருக்குக் கையால் எழுதிய பணஆணைகள் வழங்கினவென்றாலும், அவற்றுக்கு இப்பெயர் பின்னரே வாய்த்தது. கருவூலத்தின் பெயர்ச் சாயலால் பிரிட்டனில் ‘கியூ’ எழுத்தோடு கூடிய வடிவம் காசோலைக்கு மட்டும் வழங்கலாயிற்று. அமெரிக்கா ‘கே’ எழுத்தில் முடியும் வடிவத்தையே எல்லாப் பொருளுக்கும் வைத்துக்கொண்டது. அங்கு உணவகத்தில் தரும் விலைச்சீட்டும் செக்; ரயில் நிலையத்தில் பெட்டியில் ஒன்றும் பயணியிடம் ஒன்றுமாகத் தரப்பட்ட, ஒரே எண் பொறித்த பித்தளை வில்லைகளும் செக்.

காசோலையின் பெயரை அரபு வணிகர்களின் ‘ஸக்’ என்னும் எழுத்துச் சீட்டோடு இணைப்போரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இபின் ஹவ்கல் 42,000 தினாருக்கான அத்தகைய கடன் சீட்டு ஒன்றைக் குறிப்பிடுவதால், அந்த வழக்கத்தின் தொன்மையில் ஐயமில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லின் பழைய ஆட்சிகள் அடிக்கட்டையையே சுட்டுவதால், பெயரைப் பொறுத்தவரை கருவூல வழியே வலுவானது.

கட்டமிட்ட துணிக்கு வந்த பெயரும் அதே பலகையிலிருந்து பிறந்ததுதான்; தென்னிந்தியக் கைத்தறியாளர் நூலுக்குச் சாயமேற்றி நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான சதுரத் துணிகளாலும், பிற்காலத்தில் அமெரிக்காவில் விரும்பி அணியப்பட்ட சட்டைகளாலும், ‘மெட்ராஸ் செக்’ என்னும் தொடர் உலகச் சந்தையில் இடம்பிடித்தது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்குப் பிரிட்டிஷ் எழுத்துமுறையையே கைக்கொண்டது. வங்கிக் கணக்கில் போதிய பணமின்றித் திரும்பும் காசோலையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் அச்சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ் எழுத்தில் ‘கியூ’, ‘கே’ என்னும் வேறுபாட்டுக்கு இடமில்லாமையால், அரசியல் செய்தியில் ஒருவர் மற்றவருக்கு வைக்கும் செக்கும், பேருந்தில் பரிசோதகர் நடத்தும் செக்கிங்கும், நீதிமன்றத்தில் வழக்காகும் செக்கும் ஒரே எழுத்துருவில் நிற்கின்றன; வங்கிப் படிவங்களில் மட்டும் காசோலை என்னும் சொல் முறையாக ஆளப்படுகிறது.