எடையும் வயதும்: தமிழ்நாட்டுத் தாய்சேய் உணவுத் திட்டங்களின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

தமிழ்நாட்டின் சத்துணவு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைத் தூண்களாக நிறுத்தியே அதனை அமைக்கின்றனர். ஒன்று, காமராசரின் பள்ளி மதிய உணவோடு தொடர்புடைய 1956, மற்றொன்று, எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கிய 1982. மலேசியத் தமிழாசிரியர்களிடையேயும் இவ்விரு பெயர்களே நினைவில் நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், 1980ஆம் ஆண்டில், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பெற்ற வேறொரு திட்டம் உண்டு. 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' என்பது அதன் பெயர். அது பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டதன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையும், கருவுற்ற தாயரையும் பாலூட்டும் தாயரையும் கருதியது. இதனை விட்டுவிட்டு எழுதப்படும் சத்துணவு வரலாறு, உணவு யாருக்கு மிகுதியும் தேவைப்பட்டதோ அவர்களையே விட்டுவிடுகிறது என்று நாம் கருதுகிறோம்.

இத்திட்டத்தின் வேர் 1970க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் நிகழ்ந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வில் உள்ளது. மாநிலத்தில் உணவு வழங்கும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எழுபதுகளின் இறுதியில் அவை ஏறத்தாழ 25 வரை இருந்தன. எனினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அவை எட்டவில்லை. காரணம் எளியது. உணவு மையத்தில் இருந்தது. கைக்குழந்தையோ மையத்துக்குத் தானே நடந்து வர இயலாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய உணவைக் குடும்பமே பகிர்ந்துண்டது. பசித்த வீட்டில் அது குற்றமன்று. ஆயினும் குழந்தையின் பங்கு சுருங்கிற்று.

உலக வங்கி 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர் கடனுதவி அளிக்க, திட்டம் படிப்படியாக 173 ஒன்றியங்களுக்கு விரிந்தது. அதன் நடைமுறை இன்று நோக்கினும் வியப்பளிப்பது. ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒரு மையம். மையத்துக்கு ஓர் ஊட்டச்சத்துப் பணியாளர். அப்பணியாளர் அவ்வூர்ப் பெண்ணாக இருத்தல் வேண்டும். அதனினும் குறிப்பிடத்தக்கது, ஏழ்மையிலும் தம் பிள்ளைகளை நலமாக வளர்த்த பெண்ணுக்கு முன்னுரிமை தரப்பெற்றமையாகும். படிப்புச் சான்றிதழை மட்டும் நோக்காமல் வளர்த்த பிள்ளையையும் ஒரு தகுதிச் சான்றாக ஓர் அரசுத் திட்டம் ஏற்றமை அரிய செய்தி எனலாம். மாதந்தோறும் குழந்தைகள் அனைவரும் தராசில் நிறுக்கப்பட்டனர். எடை வளர்ச்சி அட்டையில் கோடாக வரையப்பட்டது. கோடு ஏறாது நின்ற குழந்தைக்கும், கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைக்கும் மட்டுமே 90 நாள்களுக்குச் சத்துமாவு வழங்கப்பட்டது. அதுவும் மையத்திலேயே உண்ணும்படியாக. எடை கூடியபின் உணவு நிறுத்தப்பட்டது; கூடாதெனில் குழந்தை மருத்துவத்துக்கு அனுப்பப்பட்டது. ஆகவே எந்த ஒரு வேளையிலும் நாலில் ஒரு பங்கு அளவினரே உணவு பெற்றனர். எஞ்சியோரின் தாயருக்குக் கிடைத்தது அறிவுரை. உணவு மருந்துபோல் அளந்து கொடுக்கப்பட்டது. தாய்க்குக் கற்பித்தலே திட்டத்தின் உயிர்நாடியாகக் கருதப்பட்டது.

இந்நிலையில்தான் 1982 ஜூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தாம் இளமையில் பட்ட பசியே அதற்குத் தூண்டுகோல் என அவர் கூறிவந்தார். ஊர்ப்புறங்களில் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குழந்தைகள் மையங்களிலும், ஒன்பது வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் சூடான சோறு. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. இங்குத் தராசு இல்லை. வயது ஒன்றே தகுதி. ஒரே ஊரில், ஒரே அரசின்கீழ், நேர்மாறான இரு கொள்கைகள் இவ்வாறு அடுத்தடுத்து இயங்கின. ஒன்று கேட்டது, "இக்குழந்தை மெலிகிறதா?" என்று, மற்றது கேட்டது, "இக்குழந்தைக்குப் பசிக்கிறதா?" என்று.

பொருளியலார் பலர் பின்னதை வாக்குக்கான செலவென இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியை நாம் ஏற்பதற்கில்லை. எல்லோருக்கும் பொதுவான சோற்றில் ஒரு மதிப்பு இருந்தது. யாரும் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உண்ட அத்திட்டத்தைப் பின்வந்த எந்த அரசும் கைவிடத் துணியவில்லை. 1989இல் கலைஞர் ஆட்சி அதில் முட்டையைச் சேர்த்தது. எடை பார்த்துத் தெரிவுசெய்த திட்டத்துக்கோ அத்தகைய அரசியல் காவல் வாய்க்கவில்லை. உணவு பெறும் குழந்தையின் தாய்க்கு அது தன் வளர்ப்பின் மீதான தீர்ப்பாகத் தோன்றவும் கூடும். எடை கூடியதும் உணவு நிற்பதை எந்த ஏழைத் தாயும் பரிசாகக் கொள்ளமாட்டாள்.

ஆயினும் வயதைக் குறித்தமட்டில் கொட்டாம்பட்டித் திட்டமே சரியாகக் கணித்தது. வளர்ச்சி குன்றுதல் முதல் இரண்டாண்டுகளிலேயே பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. இரண்டு வயதில் தொடங்கும் சோறு பசியைத் தணிக்கும், இழந்த வளர்ச்சியை முழுமையாக மீட்பது அரிது. இவ்வயதுக் குழந்தைக்குத் தேவை உணவு மட்டுமன்று, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டும் கையும் ஆகும். களையெடுக்கவும் நாற்று நடவும் சென்ற தாய்க்கு அந்நேரம் ஏது? நம் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டச் சென்ற தாயர் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அறிவுரை தாய்க்கு அறிவைத் தந்தது, நேரத்தைத் தரவில்லை.

முதற்கட்டம் 1989இல் முடிந்தது. கடும் ஊட்டக்குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது என்பதில் மதிப்பீட்டாளர்கள் பெரிதும் உடன்படுகின்றனர். அதில் எவ்வளவு இத்திட்டத்தால், எவ்வளவு அருகிலேயே நடந்த சத்துணவால் என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. மிதமான ஊட்டக்குறைவைக் குறிவைத்த இரண்டாம் கட்டம் (1990–1997) எண்ணிய இலக்கை எய்தவில்லை. அதன்பின் மையங்கள் 1975 முதல் நாடெங்கும் பரவிவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடி அமைப்போடு சேர்ந்தன.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 300 கலோரியும், ஒவ்வொரு கருவுற்ற, பாலூட்டும் தாய்க்கும் 500 கலோரியும் வழங்கப்பட வேண்டுமென ஆணையிட்டது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தாய்சேய் உணவை உரிமையாக்கியது. சலுகை உரிமையான இடம் இது. ஆனால் மாநிலத்தின் மற்றொரு கை வேறு வழியில் சென்றது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்து, 2018இல் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக அமைந்தது. கூலி இழக்கும் தாய்க்கு ரொக்கம் நேரத்தையே ஓரளவு வாங்கித் தருவது; அவ்வகையில் எண்பதுகளின் அறிவுரையினும் இது ஒரு படி மேல். இருப்பினும் முதலிரு பேறுகளுக்கே அது உரியது. மூன்றாம் பிள்ளையைப் பெறும் ஏழைத் தாய்க்கு உணவு குறைவாகத் தேவைப்படும் என்பதற்கு உடலியலில் சான்றில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கை உணவுக் கொள்கைக்குள் புகுந்ததன் விளைவு அது.

தராசு மறைந்துவிடவும் இல்லை. 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கப்பெற்ற 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையும் உயரமும் அளக்கப்பட்டன. கடும் ஊட்டக்குறைவுற்றோர் தெரிவுசெய்யப்பட்டனர். அவர்களுள் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்குரிய பெட்டகம் அவர்களின் தாயரிடம் கொடுக்கப்பட்டது, தாயரே உண்பதற்காக.