கிளைவ் ஸ்திரீட்டும் ஒரு குடும்பப் பெயரும்

  

தேக்காவுக்குப் போகாத தமிழர் நம்மில் யார்? சிராங்கூன் ரோட்டிலிருந்து கேம்பல் லேனுக்குள் நுழைந்தால், 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் கண்ணில் படும். அதன் பக்கத்துத் தெருவின் பெயர்ப் பலகையைப் படித்திருக்கிறீர்களா? "கிளைவ் ஸ்திரீட்" என்று இருக்கும். "தெருப் பேருதானே, அதுல என்னய்யா இருக்கு?" என்று கேட்பீர்கள். ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில், வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆதியில் அவர்களுக்கும் நம்மைப் போல ஒரே பெயர்தான். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம், வரி, வாரிசு என்று கணக்கு எழுத வேண்டி வந்தது. ஓர் ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜானை எழுதுவது? தொழிலைச் சேர்த்தார்கள்: கொல்லன் ஸ்மித் ஆனான். தகப்பன் பெயரைச் சேர்த்தார்கள்: ஜானின் மகன் ஜான்சன் ஆனான். ஊரைச் சேர்த்தார்கள். பட்டப்பெயரும் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கேம்பல் என்ற பெயருக்கு, அவர்களுடைய பழைய கேலிக் மொழியில், கோணல் வாய் என்று பொருள்! சில நூற்றாண்டுகளில் இவையெல்லாம் பரம்பரைப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

கிளைவ் என்பது ஊரால் வந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் 'கிளிஃப்' என்றால் செங்குத்துச் சரிவு, பாறைமேடு. மேட்டில் அமைந்த ஊர் கிளைவ். அந்த ஊர்க்காரரும் கிளைவ். நம் பக்கத்தில் 'மேட்டூர்க்காரர்' என்கிறோமே, அதே கதைதான்.

இந்தக் குடும்பத்தில் 1725-இல் பிறந்தவர் ராபர்ட் கிளைவ். 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கராகச் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. 1751-இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். 1757-இல் பிளாசியில் வென்றார். கணக்கெழுத வந்த பையன், ஒரு சாம்ராஜ்யத்துக்கே அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

அவர் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். அந்த ஆட்சியில்தான் 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கு மேடை ஏறினார்கள். தகப்பன் பிடித்த மண்ணில் மகன் அரசு செலுத்தினார். நம் பாளையக்காரர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். எட்வர்டின் மூத்த மகன் தாய்மாமன் சொத்துக்கு வாரிசானார். அதற்காக 1807-இல் கிளைவ் என்ற பெயரையே விட்டுவிட்டு, தாய்மாமனின் ஹெர்பர்ட் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். பேரன் கைவிட்ட பெயரைத் தெருக்கள் சுமந்தன. பிற்காலத்தில் அது பிள்ளைகளுக்கு இடும் பெயராகவும் ஆயிற்று. 1975-இலும் 1979-இலும் உலகக் கோப்பை வென்ற மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் கிளைவ் லாயிட் மாணவர்களுக்குத் தெரிந்திருக்குமே!

கல்கத்தாவிலும் ஒரு கிளைவ் ஸ்திரீட் இருந்தது. சுதந்திர இந்தியாவில் அது நேதாஜி சுபாஷ் ரோடு ஆகிவிட்டது. அந்த நேதாஜி 1943-இல் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தது இதே சிங்கப்பூரில், கேத்தே கட்டடத்தில்! அவர் படையில் ரப்பர்த் தோட்டத் தமிழர்களும் சேர்ந்தார்கள். ஆனால் தேக்காவில் கிளைவ் பெயர் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், நடந்ததை நினைவூட்ட ஒரு பலகை வேண்டும்தானே. சற்றுத் தள்ளி, ஒரு தமிழ் மருத்துவரின் பெயரைத் தாங்கிய வீராசாமி ரோடும் இருக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இப்போது நம் கதைக்கு வருவோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்ப்பது பழைய வழக்கம். கடல் கடந்து வந்தபோது அந்த ஊரெழுத்து உதிர்ந்துவிட்டது. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி செக்ரோலில் எழுதினார். சிங்கப்பூரில் 'சன் ஆஃப்', மலேசியாவில் 'அனாக் லெலாக்கி' என்று தகப்பன் பெயரோடு நின்றுபோனது. மூன்று தலைமுறை போனால் பாட்டன் பேரே தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் "தமிழ்நாடு" என்பதோடு சரி.

ஒரு பாறைமேட்டின் பெயர் எழுநூறு வருஷத்துக்கு மேல் நிலைத்து, தேக்கா வரை வந்து சேர்ந்திருக்கிறது. நம் பாட்டனின் ஊர்ப் பெயர் நூறு வருஷத்தில் தொலையலாமா?

மாணவ மணிகளே! இன்று பரிசோடு வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: "நம்ம ஊரு எது? உங்க அப்பா பேரு என்ன? எந்த வருஷம் கப்பலேறினாங்க?" சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். தெருப் பலகை நமக்குக் கிடைக்காவிட்டாலும் போகிறது. அந்த நோட்டில் நம் பெயர் வாழும்.